காசு குறைந்த வளாக வானொலிக்கு அசுராகாஸ்ட் சரிவருமா?

மாணவர் வானொலி தொடங்க நினைக்கும் எந்தக் குழுவும் முதலில் கேட்பது "எந்த மைக் நல்லம்?" என்றுதான். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலையானாலும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் ஒலுவிலானாலும் இதில் மாற்றமில்லை. உண்மையில் அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. அறிவிப்பாளர் எவரும் இல்லாத வேளையில், அதாவது ஒரு நாளில் ஏறத்தாழ 20 மணித்தியாலம், என்ன ஓடும் என்பது முதலாவது. மாதக் கட்டணம் யாருடைய அட்டையில் கழியும் என்பது இரண்டாவது. இணைய வானொலியை ஓட்டும் அசுராகாஸ்ட் என்ற மென்பொருள் முதலாவதுக்கு மிக நல்ல விடை. இரண்டாவதை அது உங்கள் தலையிலேயே கட்டிவிடுகிறது. வளாக வானொலிகள் பெரும்பாலும் படுத்துவிடுவது அந்த இரண்டாவதில்தான் என்பதால், இந்த மதிப்பீட்டில் மென்பொருளைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பணத்தைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

எப்.எம் கனவை முதலில் மடித்து வைத்துவிடலாம். சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004 பெப்ரவரி 1ஆம் திகதி 90.4 மெகாஹெர்ட்ஸில் வளாக வானொலி தொடங்கியதைப் பார்த்து, நாமும் ஒரு சிறு ஒலிபரப்பியை வாங்கி விடுதிக் கூரையில் பூட்டினால் என்ன என்று ஒவ்வொரு ஆண்டும் யாராவது கேட்பார்கள். இங்கே இலங்கையில் அலைவரிசை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கையில் இருக்கிறது. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி உரிமம் இல்லாமல் ஒலிபரப்பி இயக்குவது குற்றம். சின்னதுதானே, 1 வாட்தானே என்ற சமாதானம் எடுபடாது. இணையவழிக்கு அலைவரிசை தேவையில்லை. அதற்காகச் சொல்வதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் பேசுவதற்கும் பொருந்தும்.

அசுராகாஸ்ட் என்பது திறந்த மூல மென்பொருள், இலவசம். உண்மையில் அது ஒரு பொதி. பாட்டை வரிசைப்படுத்தி ஓட்டும் லிக்விட்சோப், நேயர்களுக்கு ஒலியை அனுப்பும் ஐஸ்காஸ்ட், தரவுத்தளம், இணையப் பக்கம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, உலாவியில் திறந்து வேலை செய்யக்கூடிய ஒரு முகப்பைக் கொடுக்கிறது. தனித்தனியாகவும் இவற்றை நிறுவலாம். ஆனால் நிறுவியவர் பட்டம் வாங்கிப் போன பிறகு அந்த அமைப்புக் கோப்புகளைத் திறந்து பார்க்க எவருக்கும் துணிவு வராது. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறும் மாணவர் நிலையத்துக்கு இந்த ஒரு காரணமே போதும்.

இதை ஓட்ட எப்போதும் விழித்திருக்கும் ஒரு சேர்வர் வேண்டும். குறைந்தது 2 ஜிபி நினைவகம், 20 ஜிபி வட்டு. 4 ஜிபி இருந்தால் நிம்மதி. வளாகத்தின் கணினி அறையில் மூலையில் கிடக்கும் பழைய கணினியிலும் ஓடும். ஆனால் மின்வெட்டு, பகிஷ்கரிப்பு, விடுமுறையில் பூட்டிய அறை என்று மூன்றும் சேர்ந்தால் வானொலியும் பூட்டிக்கொள்ளும். வெளியே வாடகைக்கு எடுப்பதே புத்தி. டிஜிட்டல்ஓஷனில் 2 ஜிபி நினைவகமும் 50 ஜிபி வட்டும் 2 டெராபைட் போக்குவரத்தும் உள்ள சேர்வர் மாதம் 12 டாலர். 4 ஜிபி என்றால் 24 டாலர். பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அவர்களுக்கு நிலையங்கள் உண்டு. எது அருகில் என்று மண்டையை உடைக்க வேண்டாம். வானொலி ஓடைக்கு, அதாவது இணையத்தில் தொடர்ந்து போகும் ஒலிக்கு, அந்தச் சில மில்லிசெக்கன்கள் பொருட்டே அல்ல.

2 டெராபைட் போதுமா என்பதற்குக் கணக்கு எளிது. செக்கனுக்கு 64 கிலோபிட் ஓடையை ஒருவர் ஒரு மணித்தியாலம் கேட்டால் 28.8 எம்பி. 128 கிலோபிட் என்றால் 57.6 எம்பி. நாளொன்றுக்கு 50 பேர், ஆளுக்கு 2 மணித்தியாலம், 64இல் கேட்டால் ஒரு நாளைக்கு 2.88 ஜிபி, மாதத்துக்கு 86 ஜிபி. அதாவது வாங்கியதில் இருபதில் ஒரு பங்கைக்கூட நீங்கள் தொடமாட்டீர்கள். "நேயர் கூடினால் தாங்காது" என்று பயந்து முதல் மாதமே பெரிய பொதி எடுப்பது வீண் செலவு. நேயரின் பக்கம் வேறு கதை. மாதத் தொடக்கத்தில் போட்ட டேட்டா காட் இருபதாம் திகதிக்குள் தீர்ந்துவிடும் மாணவருக்கு 28.8 எம்பி என்பது பெரிய தொகை. ஆகவே இரண்டு ஓடைகள் வையுங்கள்: எம்பி3 128 ஒன்று, குறைந்த பிட்டுக்கு ஏற்ற ஏஏசி பிளஸ் வடிவத்தில் 48 ஒன்று. இரண்டாவது ஓடைக்கு மணித்தியாலம் ஒன்றுக்கு 21.6 எம்பி. பேச்சு நிகழ்ச்சிக்கு 32 கிலோபிட்டும் போதும், 14.4 எம்பியில் முடியும்.

நிறுவுவது மூன்று நான்கு கட்டளைகள். உபுண்டு அல்லது டெபியன் உள்ள வெற்றுச் சேர்வரில் அவர்களுடைய நிறுவல் கோப்பை இறக்கி ஓடவிட்டால், மென்பொருள்களைப் பொதியாக ஓட்டும் டொக்கர் உட்பட எல்லாவற்றையும் அதுவே போட்டுக்கொள்ளும். 2 ஜிபி சேர்வர் என்றால் அதற்கு முன் வட்டில் 2 ஜிபி ஸ்வொப் இடம், அதாவது நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் இடம், ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் புதுப்பிக்கும்போது நினைவகம் போதாமல் நடுவில் நின்றுவிடலாம். ஆள்களப் பெயர் (இணைய முகவரி) ஒன்றும் கட்டாயம். பெயர் இருந்தால்தான் இணைப்பைப் பாதுகாக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் இலவசமாக வரும். சான்றிதழ் இருந்தால்தான் உலாவி மைக்கைத் திறக்க அனுமதிக்கும். பல்கலைக்கழகத்தின் முகவரிக்குக் கீழே ஒரு துணைப்பெயர் கேட்டால் காசு மிச்சம், ஆனால் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் கணினிப் பிரிவுக்குக் கடிதம் எழுத வேண்டும். சொந்தப் பெயர் வாங்குவது நல்லது. '.இலங்கை' என்று தமிழிலேயே முடியும் பெயரும் எடுக்கலாம். பார்க்க அழகு, ஆனால் சில பழைய செயலிகளில் ஒட்டினால் விளங்காத எழுத்துக்கூட்டமாக மாறும். கையில் ஓர் ஆங்கிலப் பெயரும் இருக்கட்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை, செய்யாமல் விடப்படுபவை

நேரவலயம். நிலையத்தின் அமைப்பில் இதைக் கொழும்புக்கு மாற்றாவிட்டால் அது உலகப் பொதுநேரத்திலேயே நிற்கும். காலை 6 மணிக்குப் போட்ட பக்திப் பாடல்கள் முற்பகல் 11.30க்கு ஓடும். 'அட்டவணை பிழையாக ஓடுகிறது' என்ற முறைப்பாட்டில் வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்றால் வேறெதையும் தேட வேண்டாம்.

அடுத்தது பட்டியல் வகைகள். பொதுச் சுழற்சிப் பட்டியலில் பாட்டுகளைப் போடுங்கள். நிலையக்குறியை 'இத்தனை பாட்டுக்கு ஒருமுறை' என்ற வகையில் தனிப் பட்டியலாக்குங்கள். நான்குக்கு ஒன்று காதுக்கு அளவானது. அறிவித்தல்களுக்கு 'மணிக்கு ஒருமுறை' என்ற வகை உண்டு. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மணி 7 ஆனவுடன் ஓடும் பாட்டை அது வெட்டாது. பாட்டு முடிந்த பிறகுதான் அறிவித்தல் வரும். ஐந்து நிமிடப் பாட்டு 6.58க்குத் தொடங்கினால் உங்கள் ஏழு மணிச் செய்தி 7.03க்கு. வெட்டியே ஆக வேண்டுமென்றால் பட்டியலின் மேம்பட்ட அமைப்பில் மற்றப் பாட்டுகளைக் குறுக்கிடும் தெரிவைப் போட வேண்டும். அதைச் செய்திக்கு மட்டும் போடுங்கள். எல்லாவற்றுக்கும் போட்டால் வானொலி விக்கல் எடுத்ததுபோலக் கேட்கும்.

மெல்லக் கலக்கும் வசதி, அதாவது ஒரு பாட்டின் வாலும் அடுத்ததன் தலையும் கலப்பது, சினிமாப் பாட்டுக்கு அழகு. நேர்காணலுக்கும் கவிக்கும் அது எமன். கடைசிச் சொல் மங்கி, அதன்மேல் அடுத்த மெட்டு ஏறிவிடும். பேச்சுக் கோப்பு ஒவ்வொன்றின் இறுதியிலும் ஓடசிற்றி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் 3 செக்கன் மௌனம் சேர்த்துவிட்டால் தொல்லை தீரும்.

தமிழ்ப் பெயர்கள் யுனிகோடில் இருந்தால் சேர்வரில் எந்தச் சிக்கலும் இல்லை. சிக்கல், நம் பக்கத்துப் பழைய குறுந்தட்டுகளிலிருந்து எடுத்த கோப்புகளில். பாடல் விவரத்தை யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டியிருப்பார்கள். அது நேயரின் போனில் வெறும் ஆங்கில எழுத்துக்களாக, இடையிடையே அரைப்புள்ளியும் அடைப்புமாக வரும். பதிவேற்றும் முன்னரே பாடல் விவரம் திருத்தும் எம்பி3டாக் போன்ற மென்பொருள் ஒன்றில் மாற்றிவிடுங்கள். ஆயிரம் பாட்டை ஏற்றிய பிறகு ஒவ்வொன்றாக முகப்பில் திருத்துவது ஒரு செமஸ்டர் வேலை.

வட்டு நிறைவது மௌனமாக வரும் ஆபத்து. நேரடி நிகழ்ச்சிகளைத் தானாகவே பதிவுசெய்யும் வசதி அருமையானது. எல்லாக் குழுவும் அதைப் போட்டுவிட்டு மறந்துவிடும். 128இல் நாளுக்கு 4 மணித்தியாலம் என்றால் 230 எம்பி, மாதத்துக்கு ஏறத்தாழ 7 ஜிபி. 50 ஜிபி வட்டில் இயக்குதளம், மென்பொருள், பாட்டுகள் போக மிஞ்சுவது ஐந்து மாதத்துக்குள் தீரும். வட்டு நிறைந்தால் பதிவு மட்டும் நிற்காது, தரவுத்தளமும் எழுத இடமின்றித் திணறும், அதோடு முழு நிலையமும் சரியும். மாதம் ஒரு தடவை பழைய பதிவுகளைக் கீழிறக்கி வெளி வட்டில் வைத்து, சேர்வரிலிருந்து அழிப்பது ஒருவருடைய பெயரில் எழுதப்பட்ட கடமையாக இருக்க வேண்டும். தானியங்கிக் காப்புப்பிரதியும் அதே வட்டிலேயே கிடந்தால் அதனால் பயனில்லை.

நேரடி ஒலிபரப்பு

நேரடிக்கு இரண்டு வழிகள். ஒன்று, மைக்கின் ஒலியைச் சேர்வருக்கு அனுப்பும் பட் (BUTT) என்ற சிறு இலவச மென்பொருள். வகை ஐஸ்காஸ்ட், முதலாவது நிலையத்துக்கு வாயில் (போர்ட்) எண் பெரும்பாலும் 8005, மவுண்ட் என்ற இடத்தில் வெறும் சாய்கோடு, பிறகு அறிவிப்பாளருக்கென்று உருவாக்கிய பெயரும் கடவுச்சொல்லும். நேயர் கேட்கும் 8000 என்ற எண்ணை இங்கே போடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. இடையில் நின்று சேர்வரின் முகவரியை மறைக்கும் கிளவுட்பிளேர் சேவை வழியாக ஆள்களத்தை மறைத்து வைத்திருந்தாலும் 8005 திறக்காது. அந்தப் பெயருக்கு மறைப்பை நீக்குங்கள், அல்லது சேர்வரின் எண் முகவரியை நேரே கொடுங்கள்.

வளாக வைபையில் இவையெல்லாம் சரியாக இருந்தும் இணையாவிட்டால், வலையமைப்பைக் காக்கும் தீச்சுவர் அந்த வாயிலை அடைத்திருக்கிறது என்று பொருள். போனின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்துப் பாருங்கள். வேலை செய்தால் சந்தேகம் உறுதி. அப்போது கைகொடுப்பது இரண்டாவது வழி, உலாவிக்குள்ளேயே இருக்கும் வெப் டிஜே. சாதாரண இணையப் பக்கம் போகும் 443ஆம் வாயிலாலேயே அது போவதால் தீச்சுவர் கண்டுகொள்ளாது. ஒலியின் தரத்தில் பட் ஒரு படி மேல், இடையில் அறுந்தாலும் தானாக மீண்டும் இணைய முயலும். ஆனால் விடுமுறையில் காத்தான்குடியிலும் அக்கரைப்பற்றிலும் களுவாஞ்சிகுடியிலும் வீட்டில் இருக்கும் அறிவிப்பாளர்களுக்கு மென்பொருள் நிறுவச் சொல்லித் தொலைபேசியில் கத்துவதைவிட வெப் டிஜே எவ்வளவோ மேல்.

இந்த மென்பொருளின் உண்மையான பெறுமதி தெரிவது இணைப்பு அறும் நேரத்தில். அறிவிப்பாளரின் ஒலி நின்ற சில செக்கன்களில் தானியங்கி பாட்டைத் தொடங்கிவிடும். அவர் திரும்பி வந்தால் இடம் விட்டுவிலகும். வளாகத்தில் கரண்ட் போனாலும், 2022 மார்ச் இறுதியில் வந்ததுபோல 13 மணித்தியால மின்வெட்டே வந்தாலும், பெங்களூரில் இருக்கும் சேர்வருக்கு அது தெரியாது. ரவுட்டருக்கும் மிக்சருக்கும் ஒரு 650 விஏ யூபிஎஸ், மடிக்கணினியின் சொந்த பற்றரி, இவ்வளவும் இருந்தால் நடந்துகொண்டிருக்கும் நிகழ்ச்சியையாவது முடித்துக்கொள்ளலாம். அந்த யூபிஎஸ்ஸில் மேசைக்கணினியையும் மாட்டினால் சில நிமிடத்தில் கூவி அணைந்துவிடும்.

மேலேற்றும் வேகம் பற்றிய பயமும் தேவையற்றது. 128 கிலோபிட்டுக்கு 0.2 மெகாபிட் நிலையாக இருந்தால் போதும். எந்த 4ஜி ரவுட்டரும் தரும். நிலையாக என்பதுதான் முக்கியம். வேகச் சோதனையில் 20 காட்டும் இணைப்பு, மாலை 7 மணிக்கு விடுதி முழுவதும் காணொளி பார்க்கத் தொடங்கியதும் இரண்டு செக்கன் மூச்சுவிட மறந்தால் ஒலி அறும். ரவுட்டரிலிருந்து கணினிக்கு வயரால் இணையுங்கள். நாளுக்கு 4 மணித்தியால நேரடிக்கு மாதம் 7 ஜிபி போகும்.

தாமதத்தையும் மறக்க வேண்டாம். மைக்கில் சொன்னது நேயரின் காதில் விழ 10 முதல் 30 செக்கன் வரை ஆகும். ஆகவே 'இப்போது நேரம் சரியாக' என்று சொல்லாதீர்கள். நோன்பு காலத்தில் இப்தார் நேரத்தை ஓடையை நம்பி அறிவிக்காதீர்கள். பள்ளிவாசல் பாங்கு முந்திவிடும். அட்டவணையும் சூரியனைப் பார்த்து நகராது, குறித்த மணியில் நிற்கும். நோன்பு மாதத்துக்கு அட்டவணையில் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் போட்டுத் தனிப் பட்டியல் செய்து, நேரத்தை வாரத்துக்கு ஒருமுறை கையால் திருத்துவதுதான் வழி.

மிக்சர், மைக், அறை

இரண்டு அறிவிப்பாளர், ஒரு தொலைபேசி அழைப்பு, பாட்டு என்ற அளவுக்குப் பெஹ்ரிங்கர் சேனிக்ஸ் கியூ802யூஎஸ்பி போதும். இரண்டு மைக் வழிகள், இரண்டிலும் குரலின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் ஒற்றைத் திருகுக் கொம்பிரசர், யூஎஸ்பி வழியாக நேரே கணினிக்கு. குறைகளும் உண்டு. அதற்கென்றே செய்த அடாப்டரில்தான் ஓடும். கடையில் கிடைக்கும் 12 வோல்ட் அடாப்டரைச் செருக முடியாது, அடாப்டர் போனால் மிக்சரும் போனதுபோலத்தான். வாங்கும்போதே இன்னொன்றுக்குக் கேட்டு வையுங்கள். விண்டோஸ் சில வேளை இதை ஒற்றை வழி மைக் என்று எண்ணிக்கொள்ளும். ஒலி அமைப்பில் இரு வழி, மாதிரி வீதம் 48000 என்று மாற்றுங்கள், பட்டிலும் அதே எண். கணினியின் ஒலியை முதன்மைக் கலவைக்கு அனுப்பும் பொத்தான் அமுங்கியிருக்க, அதே கணினியில் உங்கள் ஓடையைத் திறந்து கேட்டால், இருபது செக்கன் முந்திய உங்கள் குரல் மறுபடி ஓடைக்குள் போய்ச் சுழலும். ஓடையைக் கண்காணிக்க ஒரு போனும் காதுப்பொறியும் தனியாக வையுங்கள். வட்ஸ்அப் வெப்பின் 'டிங்' ஓசையையும் அணைத்துவிடுங்கள், நேயருக்கு அது வேண்டாம்.

அழைப்பாளரை எடுக்கும்போது அவருடைய குரல் அவருக்கே திரும்பக் கூடாது. போனின் ஒலியை மூன்று-நான்காம் வழியில் எடுத்து, அந்த வழியின் எப்எக்ஸ் திருகை (வெளிக்கருவிக்கு ஒலி அனுப்பும் திருகு) பூச்சியத்தில் வையுங்கள். மைக் வழிகளின் எப்எக்ஸைத் திறந்து, எப்எக்ஸ் செண்ட் துளையிலிருந்து போனின் மைக்குக்குக் கொடுங்கள். போன் எதிர்பார்ப்பது மிகச் சிறிய மட்டம். இடையில் குறைப்பான் உள்ள வயர் இல்லாவிட்டால் உங்கள் பேச்சு அவருக்குக் கரகரவென்றுதான் கேட்கும். இது சரிவராத இடத்தில் வட்ஸ்அப் குரல் செய்திகளை வாங்கி ஓடவிடுவது மானம் காக்கும்.

மைக்குக்கு சாம்சன் கியூ2யூ. டைனமிக் வகை, எக்ஸ்எல்ஆர் துளையும் யூஎஸ்பி துளையும் இரண்டும் உண்டு, அதனால் மிக்சர் பழுதானால் நேரே கணினியில் மாட்டலாம். இணையத்தில் பரவலாக விற்கும் மலிவு கொண்டென்சர் மைக்குகளை வாங்க வேண்டாம். மின்விசிறி, காகம், ஓட்டோ, கோயில் ஒலிபெருக்கி எல்லாவற்றையும் அவை அள்ளி வரும். டைனமிக்குக்கு நாலு விரல் தூரத்தில் வாயை வைத்துப் பேச வேண்டும், அவ்வளவுதான். சிரிக்கும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியைப் பெருக்கும் அளவை) வையுங்கள். மென்மையாகப் பேசும்போது அல்ல, சிரிக்கச் சொல்லி அளவெடுங்கள்.

கல்லடியிலும் ஒலுவிலிலும் கடற்காற்று மைக்கின் வலையையும் வயர் முனைகளையும் தின்னும். வேலை முடிந்ததும் மைக்கை இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். முனைகளை ஐசோபுரோபைல் அற்ககோலால் மாதம் ஒருமுறை துடையுங்கள். 'மைக் கரகரக்கிறது' என்பதில் பெரும்பகுதி மைக்கின் குற்றமல்ல, முனையின் பச்சை. இரைச்சல் தொடர்ச்சியான 'ம்ம்ம்' என்றிருந்தால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் புவித்தொடுப்பில் குறை. மூன்று முள் செருகியும் நல்ல பலகையும்தான் மருந்து.

அறைக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து நுரைத்தகடு ஒட்டுவதைவிட ஒரு களஞ்சிய அறை மேல். புத்தக அடுக்கு, தும்பு மெத்தை இரண்டு, மருதமுனைக் கைத்தறித் துணியில் மடிப்பு மடிப்பாகத் திரை. பன்பாயைச் சுவரில் அடித்தால் அழகாக இருக்கும், எதிரொலியில் உயர்ந்த சுரத்தை மட்டுமே அது கொஞ்சம் குறைக்கும். மெத்தையின் வேலையை அது செய்யாது. மேல்விசிறியை நிறுத்தி, மேசை விசிறியை மைக்கின் முதுகுப் பக்கம் தாழ வையுங்கள். தகரக் கூரை என்றால் கார்த்திகை, மார்கழி மழையில் நேரடியைக் கைவிட்டுப் பதிவை ஓட்டுங்கள். அந்தப் போரில் எவரும் வென்றதில்லை.

கூத்துப் பதிவு வைத்திருக்கும் குழுக்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மத்தளத்தின் அடியையும் சல்லாரி என்ற கைத்தாளத்தின் கூர்மையையும் குறைந்த பிட் ஓடை தாங்காது. 48இல் சல்லாரி தண்ணீர் சலசலப்பதுபோல ஆகிவிடும். வடமோடி, தென்மோடி என்ற கூத்து வகைகள் ஒலிக்கும் வேளையில் நேயரை 128 ஓடைக்கு மாறச் சொல்லுங்கள். களத்தில் பதியும்போது உச்சம் மைனஸ் 12இல் நிற்கட்டும். விடிய விடிய 8 மணித்தியாலம் குறுந்தட்டுத் தரத்தில் வேவ் கோப்பாகப் பதிந்தால் ஏறத்தாழ 5.1 ஜிபி, தரம் குறையாமல் சுருக்கும் பிளாக் (FLAC) கோப்பாக்கினால் ஏறத்தாழப் பாதி. அசுராகாஸ்டின் உள்ளிருக்கும் ஒலிச்சமன் தெரிவு பேச்சுக்கு நல்லது. கூத்தில் அது அண்ணாவியாரின் (கூத்தை நடத்தும் ஆசானின்) குரல் எழும்போது அமுக்கி, ஓய்வில் ஊரின் நாய் குரைப்பைத் தூக்கிவிடும். கூத்து ஓடும் நிலையத்தில் அதைப் போடாமல், கோப்புகளை முன்கூட்டியே கையால் சமன்செய்யுங்கள்.

பணம்

டாலர் 300 ரூபா என்று வைத்தால் 12 டாலர் 3,600 ரூபா, ஆண்டுக்கு 43,200. அட்டைக் கட்டணம், நாணய மாற்று ஏற்றத்துக்கு 10 விழுக்காடு கூட்டுங்கள். ஆள்களம், மாதம் 7 ஜிபி டேட்டா, ஆண்டுக்கு இரண்டு வயர், ஒரு நுரை மூடி. 60,000 ரூபாவை ஆண்டுச் செலவாக எழுதிவைத்தால் பெரிதாகப் பிழையாகாது. மிக்சரும் மைக்கும் ஒரு தடவைச் செலவு. பழைய மாணவரிடம் பொருளாகவே கேட்கலாம். பொருள் தருபவர் கிடைப்பார். மாதம் 12 டாலரைத் தருபவர்தான் கிடைக்கமாட்டார்.

மாணவர் சங்கக் கணக்கிலிருந்து மாதாமாதம் வெளிநாட்டுக்கு அட்டையால் கட்டுவது நடைமுறைக்கு ஒத்துவராது. விலைமனு, அனுமதி, பெரும் பொருளாளரின் கையொப்பம் என்று போவதற்குள் சேர்வர் நிறுத்தப்பட்டிருக்கும். அதனால் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தன் அட்டையைக் கொடுக்கிறார். அவர் போகிறார், அட்டை காலாவதியாகிறது, மின்னஞ்சல் நினைவூட்டல்கள் அவருடைய பழைய பெட்டிக்குப் போகின்றன, ஒரு நாள் எல்லாம் அழிகிறது. இதைத் தவிர்க்க, சேர்வர் கணக்கை நிலையத்தின் பொது மின்னஞ்சலில் திறவுங்கள். டிஜிட்டல்ஓஷனில் முன்கூட்டிப் பணம் போட்டு வைக்கலாம். ஒரு செமஸ்டருக்குரியதை ஒரே தடவையில் போட்டு, பற்றுச்சீட்டைச் சங்கத்திடம் கொடுத்து மீளப் பெறுங்கள். அட்டை விரிவுரையாளர் ஒருவருடையதாக இருந்தால் மூன்று ஆண்டாவது நிலைக்கும்.

வருமானத்துக்கு வளாகத்துக்குள் நேரடி விளம்பரம் என்றால் நிர்வாகம் முகம் சுளிக்கலாம். 'அனுசரணை' என்றால் வழி இருக்கும். அதற்கும் கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். மட்டக்களப்பு நகரத்துப் புத்தகக்கடை, கல்முனையின் புடவைக்கடை, தனியார் வகுப்பு நடத்துவோர், போன் திருத்தும் கடை என்று மாதத்துக்கு ஒருவராக 12 பேர், ஆளுக்கு 5,000 ரூபா. கணக்கு அங்கேயே சமன். ஒரு பக்க உடன்பாடு போதும்: எந்த நிகழ்ச்சி, எத்தனை செக்கன், நாளுக்கு எத்தனை தடவை, எந்தத் திகதி வரை.

இங்கேதான் அசுராகாஸ்ட் தன் சம்பளத்தைச் சம்பாதிக்கிறது. அனுசரணை வாசகத்தைத் தனிப் பட்டியலில் போட்டால், அது ஓடிய ஒவ்வொரு தடவையும் நேரத்தோடு ஒலிபரப்பு வரலாற்றில் பதிவாகும். அந்த அறிக்கையை அட்டவணைக் கோப்பாக எடுத்து அச்சிட்டுக் கடைக்காரரிடம் நீட்டுங்கள். பெரிய வானொலிகூடத் தராத கடதாசி அது. அடுத்த ஆண்டும் அவர் தருவார். வரலாற்றை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற தெரிவை முதலிலேயே 365 ஆக்கிவிடுங்கள். நேயர் எண்ணிக்கையைச் சொல்லும்போது மட்டும் கவனம். வளாக வைபையில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியே ஒரே முகவரியாகத் தெரிவதால் தனித்த நேயர் எண்ணிக்கை குறைத்துக் காட்டக்கூடும். 'ஒரே வேளையில் அதிகபட்சம் இத்தனை பேர்' என்ற எண்ணைக் கொடுங்கள். பொய் எண் கொடுத்தால் கல்முனையில் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

பாட்டுரிமை இன்னொரு செலவு, எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மாணவருக்கென்று ஓட்டைவிடவில்லை. சினிமாப் பாட்டை நாள் முழுக்க ஓடவிடும் நிலையம் அனுசரணை வாங்கும்போது இன்னும் வெளிச்சத்துக்கு வருகிறது. உள்ளூர்க் கலைஞர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய பாட்டுகள், நாட்டார் கவி, நாடகம், விரிவுரைகள் இவற்றால் பட்டியலின் பாதியையாவது நிரப்பலாம். நாட்டார் கலை வடிவங்களைப் பற்றியும் அந்தச் சட்டம் பேசுகிறது என்பதால் கூத்துக் குழுவிடமும் கையெழுத்து வாங்குங்கள். அண்ணாவியாருக்கு அது மரியாதையும்கூட.

இன்னொரு வழியாக ஸெனோ போன்ற இலவசச் சேவைகள் உள்ளன. மாதக் கட்டணமே இல்லை, சேர்வர் பராமரிப்பும் இல்லை, அவர்கள் விளம்பரத்தால் பிழைக்கிறார்கள். நான்கு பேர் மட்டும் உள்ள, கணினியில் ஆர்வமுள்ளவர் ஒருவரும் இல்லாத குழு அங்கேயே தொடங்கட்டும். ஓர் ஆண்டு ஓடிய பிறகு அசுராகாஸ்டுக்கு மாறினால் பாட்டுக் கோப்புகளை ஏற்றுவது தவிர இழப்பு பெரிதில்லை. பதினைந்து பேர், நாளாந்த நேரடி, தன் அனுசரணையாளர், தன் காப்பகம் என்றிருந்தால் முதல் நாளே அசுராகாஸ்ட்.

பொறுப்பு மாறும்போது செய்ய வேண்டியது ஒரு மணித்தியால வேலை. முதன்மை நிர்வாகி இருவர் மட்டும், இருவேறு ஆண்டு மாணவர்கள், இரண்டாம் நிலைச் சரிபார்ப்புடன். மற்றவர்களுக்குப் பாத்திர உரிமைகளைப் பிரித்துக் கொடுங்கள்: பாட்டு ஏற்றுபவருக்கு ஊடகம் மட்டும், நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்குப் பட்டியலும் அறிவிப்பாளர் கணக்கும். ஒரே கடவுச்சொல்லை வட்ஸ்அப் குழுவில் போட்டுவைக்கும் பழக்கம் இருக்குமட்டும், பட்டியலை அழித்தது யார் என்று செயற்பாட்டுப் பதிவேட்டில் தேடினாலும் 'நிர்வாகி' என்றுதான் வரும். புதுப்பிப்பை மாதம் ஒரு ஞாயிறு காலையில், காப்புப்பிரதி எடுத்த பிறகு செய்யுங்கள். கலைவிழாவுக்கு முந்திய இரவில் எவராவது 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்றால் அவருடைய கையிலிருந்து மடிக்கணினியை வாங்கி வையுங்கள்.